சர்க்கரை மாற்றி அல்ல, குளுக்கோசேற்றி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கும் தமிழ் அறிவியல் பயிலரங்குக் கையேடுகளில் இப்படி ஒரு தொடர் தலைகாட்டுகிறது: ‘சர்க்கரை மூலம் மரபணுவை மாற்றும் வைரஸ் நொதியின் வடிவமைப்பு’. இன்னும் சுருக்க நினைப்பவர்கள் ‘சர்க்கரை மாற்றி நொதி’ என்கிறார்கள். சொல்ல வந்தது, டி4 என்னும் பாக்டீரியோஃபேஜின், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின், பீட்டா குளுக்கோசைல்டிரான்ஸ்ஃபரேஸ். அந்தத் தொடரில் ‘வைரஸ்’, ‘நொதி’ இரண்டும்தான் பழுதில்லாதவை. மற்றவை எல்லாம் வாசகரை வேறு வேறு திசைக்கு இழுக்கின்றன.

மூலச் சொல்லைப் பிரித்தால் சிக்கல் இல்லை. ‘குளுக்கோஸ்’ 1838இல் வந்த பெயர். இனிப்பான புதுத் திராட்சைச் சாற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். ‘டிரான்ஸ்’, ‘ஃபெர்ரே’ இரண்டும் லத்தீன்: ‘அப்பால்’, ‘சுமந்து செல்’. ‘ஏஸ்’ என்னும் ஈறு 1833இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயனும் பெர்சோவும் பெயரிட்ட டயஸ்டேஸ் என்ற நொதியிலிருந்து நொதிகளுக்கெல்லாம் பரவியது. ஆக, குளுக்கோஸ் தொகுதியை ஒரு மூலக்கூறிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்கும் நொதி. பொருள் அவ்வளவுதான்.

இது எங்கே எதைச் செய்கிறது என்று பார்த்தால்தான் தவறின் ஆழம் தெரியும். டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களில் ஒன்று சைட்டோசின். டி4இன் டி.என்.ஏ.வில் சாதாரண சைட்டோசின் கிடையாது. அதன் இடத்தில் அதன் மாற்றுருவான ஹைட்ராக்ஸிமீத்தைல்சைட்டோசின் இருக்கிறது; 1952இல் வாயட், கோஹன் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. டி.என்.ஏ. இழை உருவான பிறகு, குளுக்கோஸைச் சுமந்திருக்கும் யூ.டி.பி.-குளுக்கோஸ் என்ற மூலக்கூறிலிருந்து குளுக்கோஸை எடுத்து, அந்தக் காரத்தின் ஹைட்ராக்ஸில் தொகுதியில் கோக்க இரண்டு நொதிகள் உண்டு. பிணைப்பு அமையும் திசையை வைத்து அவற்றை ஆல்ஃபா, பீட்டா என்கிறோம். ஆல்ஃபா வகை ஏறத்தாழ 70 விழுக்காட்டு இடங்களிலும், பீட்டா வகை மீதி 30 விழுக்காட்டிலும் வேலையை முடிக்கின்றன. டி4 தொற்றும் பாக்டீரியாவான ஈ.கோலியில் ஹைட்ராக்ஸிமீத்தைல்சைட்டோசினைத் தேடி வெட்டும் எம்.சி.ஆர்.ஏ., எம்.சி.ஆர்.பி.சி. என்ற நொதிகள் இருக்கின்றன. குளுக்கோஸ் ஏறிவிட்டால் அவற்றால் வெட்ட முடியாது. குளுக்கோஸ் நிற்பது இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தில். காரங்கள் இணை சேர்வதை அது தொடுவதில்லை. மரபுச் செய்தியில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

அப்படியிருக்க ‘மரபணுவை மாற்றும்’ என்பது எப்படிச் சரியாகும்? மரபணு மாற்றம் என்றதும் தமிழர் மனத்தில் வருவது மரபணு மாற்றப்பட்ட சோளமும் சோயாவும்தான். அது செய்தியையே மாற்றுவது. இங்கே நடப்பது பாதுகாப்புக்காக ஒரு தொகுதியை ஏற்றுவது. அதற்கும் முன்னால், டி.என்.ஏ.வை ‘மரபணு’ என்று எழுதுவதே பிழை. மரபணு என்பது டி.என்.ஏ.வின் ஒரு பகுதி. நாளேடுகள் டி.என்.ஏ. சோதனையை ‘மரபணு சோதனை’ என்று எழுதி எழுதி இந்தக் குழப்பத்தைப் பழக்கமாக்கிவிட்டன. கையேடு எழுதுகிறவர்களாவது அதைப் பின்பற்றாமல் இருக்க வேண்டும்.

‘சர்க்கரை மாற்றி’ இதைவிட மோசம். இனிப்பு நீர் உள்ளவர்கள் தே தண்ணீரில் போட்டுக்கொள்ளும் செயற்கை இனிப்பு வில்லைக்கு நம் மக்கள் சொல்வது சர்க்கரை மாற்று. ஓர் எழுத்து வித்தியாசத்தில் வைரஸ் நொதி மருந்துக்கடை அலமாரிக்குப் போய்விடுகிறது. அதைப் பொறுத்துக்கொண்டாலும் வேதியியல் பொறுக்காது. டி.என்.ஏ.வின் முதுகெலும்பிலேயே ஒரு சர்க்கரை இருக்கிறது: டிஆக்ஸிரைபோஸ். ‘டி.என்.ஏ.வின் சர்க்கரை மாற்றி’ என்று படிக்கும் மாணவர், ரைபோஸ் டிஆக்ஸிரைபோஸாக மாறுவதைத்தான் நினைப்பார். அதைச் செய்வது ரைபோநியூக்ளியோட்டைடு ரிடக்டேஸ். அது முற்றிலும் வேறு நொதி, வேறு வேலை.

‘மாற்றி’ என்ற சொல்லில் எனக்குப் பகை இல்லை. நொதிகளின் உலக வகைப்பாட்டில் அதற்கு நல்ல இடம் இருக்கிறது: ஐந்தாம் வகுப்பான ஐசோமரேஸ், ஒரே மூலக்கூறை அதன் உள்ளேயே மாற்றியமைப்பது. நம்முடைய நொதி இரண்டாம் வகுப்பு, எண் 2.4.1.27. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் வகைப்பாடே குலைந்துவிடும்.

தூய தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘குளுக்கோசு கடத்தி’யும் ஆகாது. கடத்தி என்றால் பள்ளிப் பிள்ளைக்குச் செம்புக் கம்பி. செய்தி வாசிப்பவருக்குக் குற்றவாளி. இவற்றையெல்லாம் சூழல் தெளிவுபடுத்தும் என்று வாதிடலாம். ஆனால் உயிரணுச் சவ்வின் ஊடாகக் குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. இன்சுலினைப் பற்றி எழுதும்போது ‘குளுக்கோஸ் கடத்தி’ என்ற பெயர் அவற்றுக்குத் தேவைப்படும். அவை குளுக்கோஸை எதனோடும் பிணைப்பதில்லை, இடம் மட்டுமே மாற்றுகின்றன. நம் நொதியின் உயிர்நாடியே பிணைப்பு.

விடை தமிழ் வேதியியலிலேயே கிடக்கிறது. ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் என்று தலைமுறைகளாகச் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் ஒட்சியேற்றம். ஒரு மூலக்கூறின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு ‘ஏற்றம்’ நிலைத்துவிட்ட சொல். அப்படியென்றால் டி.என்.ஏ.வில் குளுக்கோஸ் சேர்வது குளுக்கோசேற்றம். அதைச் செய்யும் நொதி குளுக்கோசேற்றி. குளுக்கோசு என்பதன் ஈற்று உகரம் கெட்டு ‘ஏற்றி’யோடு இயல்பாகப் புணர்கிறது. ‘ஸ்’ எழுதப் பிடித்தவர்கள் குளுக்கோஸேற்றி என்று எழுதட்டும். கிரந்தத்துக்காகச் சண்டை போட்டுப் பொருளைக் கோட்டைவிட வேண்டாம். டிரான்ஸ்ஃபரேஸ் என்ற மொத்த வகுப்புக்கு ‘பெயர்ப்பு நொதி’ வைக்கலாம். நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல, ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் ஊன்றுவது என்ற பொருள் அதில் முழுதாக இருக்கிறது. ‘ஏற்றி’ போய்ச் சேரும் இடத்தை மட்டும் சொல்கிறது, எடுக்கும் இடத்தைச் சொல்வதில்லை என்பது நியாயமான குறை. அதைக் குடும்பப் பெயர் ஈடுசெய்கிறது.

‘வடிவமைப்பு’ பற்றியும் சொல்லியாக வேண்டும். வடிவமைப்பு என்றால் யாரோ திட்டமிட்டுச் செய்தது. புரதத்துக்கு உரியது ‘கட்டமைப்பு’. 1994இல் எக்ஸ்கதிர்ப் படிகவியலால் 2.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளிவந்த இந்தக் கட்டமைப்பில், 351 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி இரண்டு களங்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, மடிந்திருக்கிறது. நடுவே ஆழமான பிளவு, யூ.டி.பி. அமர்வது அங்கே. 100ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலம் ஹைட்ராக்ஸிலின் புரோட்டானைப் பறிக்க, ஆக்சிஜன் குளுக்கோஸின் முதல் கார்பனைப் பின்புறமாகத் தாக்குகிறது. அதனால்தான் யூ.டி.பி.யில் ஆல்ஃபாவாக இருந்த பிணைப்பு டி.என்.ஏ.வில் பீட்டாவாகப் புரள்கிறது. இதற்கு வசதியாக, அந்தக் காரம் இரட்டைச் சுருளிலிருந்து வெளியே திருப்பப்பட்டு நொதியின் குழிக்குள் நுழைகிறது. இதைச் சிலர் ‘காரம் கவிழ்தல்’ என்கிறார்கள். கவிழ்வது படகு, இது ‘காரம் வெளித்திரும்பல்’.

ஆய்வுக்கூடக் குறிப்பிலும் சொல் வேலை செய்கிறது. மூளைத் திசுவின் டி.என்.ஏ.வில் ஹைட்ராக்ஸிமீத்தைல்சைட்டோசின் இருக்கிறதா என்று பார்க்க, இதே நொதியை யூ.டி.பி.-குளுக்கோஸோடும் மக்னீசியத்தோடும் 37 பாகை செல்சியஸில் வைத்து, பிறகு எம்.எஸ்.பி.-1 என்ற வெட்டு நொதியைச் சேர்ப்பார்கள். சி-சி-ஜி-ஜி வரிசையில் உள் சைட்டோசினில் குளுக்கோஸ் ஏறியிருந்தால் வெட்டு விழாது. வெறும் மீத்தைல் மட்டும் இருந்தால் விழும். யூ.டி.பி.-குளுக்கோஸைச் சேர்க்க மறந்தால் ஏற்றுவதற்குச் சரக்கே இல்லை, எல்லாம் வெட்டுப்படும். ‘குளுக்கோசேற்றி’ என்று குழாயில் ஒட்டியிருந்தால், ஏற்ற வேண்டியதை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி கையில் எடுத்தவுடனே எழும். ‘சர்க்கரை மாற்றி’ என்று ஒட்டியிருந்தால், டி.என்.ஏ.வில் இருக்கும் சர்க்கரையை அது மாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள்.

கையேட்டில் எழுதும்போது முதல் முறை ‘பீட்டா குளுக்கோசேற்றி எனப்படும் பீட்டா குளுக்கோசைல்டிரான்ஸ்ஃபரேஸ்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்; அடுத்த வரியிலிருந்து தமிழ்ப் பெயர் போதும். பீட்டா, ஆல்ஃபா முன்னொட்டை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். இரண்டும் தனித்தனி நொதிகள், இரண்டுக்கும் தனித்தனி மரபணு.