ஃபெலோஷிப் ஆணை வந்தும் பணம் வராதது ஏன்? மருத்துவ ஆய்வு கைடுகள் கவனிக்க வேண்டியவை

பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என மூன்று பிரிவுக்கும் பிஎச்டி செய்ய ஒன்றிய அரசின் தேசிய ஃபெலோஷிப் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பில் புதியவர்களைச் சேர்ப்பதை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

ஆணை கையில் இருந்தும் மாதக்கணக்கில் பணம் வராமல், கடன் வாங்கி ரீஏஜென்ட் (ஆய்வக வேதிப்பொருள்) வாங்கும் ஸ்காலர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். டெல்லி தாமதிப்பது உண்மை. ஆனால் டெல்லிக்குப் போகும் முன்பே காகிதம் படுத்துவிடுகிற இடங்கள் இரண்டு: கைடின் (ஆய்வு நெறியாளரின்) மேசை, பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவு.

கைடுகளுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை இணையவழியில் முடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி. அதன் 8 தலைப்புகளில் ஒன்று மாணவர் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும். சான்றிதழ் பதவி உயர்வு ஃபைலுக்குப் போய்விடும். தன் ஸ்காலருக்குப் பணம் வர மாதாமாதம் போக வேண்டிய உறுதிச்சீட்டு எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

முதல் கண்ணி, சாதிச் சான்றிதழ். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளை பட்டியலின ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரோடு நின்றுவிடுகிறது. இவர்களுக்கு உள்ள வழி ஓபிசி (பிற்படுத்தப்பட்டோர்) ஃபெலோஷிப்தான். இதை நெட் (தேசியத் தகுதித் தேர்வு) விண்ணப்பம் போடும்போதே சொல்லியாக வேண்டும். பிரிவைத் தவறாகக் குறித்து, திருத்தும் அவகாசமும் முடிந்துவிட்டால் அந்தச் சுற்று போயிற்று. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் போன்ற முஸ்லிம் பிரிவினருக்கும் இப்போது ஓபிசி வழிதான்.

அந்த ஓபிசி சான்றிதழில் அடுத்த வில்லங்கம். பள்ளியிலிருந்து வைத்திருக்கும் பிசி, எம்பிசி அட்டை செல்லாது. ஒன்றிய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். தாலுகா அலுவலகத்தில் பெற்றோரின் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டி, வரம்பைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். அது தவறு. 1993-ஆம் ஆண்டு உத்தரவுப்படி சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது; பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலை தனியாகப் பார்க்கப்படும். செப்டம்பர் 8, 1993 தேதியிட்ட அந்த அலுவலகக் குறிப்பாணையின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள். வாய்ப்பேச்சில் தாசில்தார் அலுவலகம் அசையாது.

இரண்டாவது, பாடம். பட்டியலின, ஓபிசி ஃபெலோஷிப் இரண்டும் நெட் வழியாக வருபவை. செவிலியம், பிசியோதெரபி என்று நெட்டில் தனிப்பாடம் கிடையாது. அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்டில் உயிர் அறிவியல், யுஜிசி நெட்டில் சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று பக்கத்துப் பாடத்தில்தான் எழுத வேண்டும். முதுகலைப் பட்டம் அதற்குப் பொருந்துமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்கு நெட் தேவையில்லை. முதுகலை மதிப்பெண்ணை வைத்து, பழங்குடியினர் நல அமைச்சகத்தின் இணையதளம் வழியே தேர்வு. இது தெரியாமல் நெட்டுக்குப் படித்தே இரண்டு ஆண்டைத் தொலைக்கும் பழங்குடி மாணவர்கள் உண்டு. பகுதிநேரப் பதிவுக்கு எந்த ஃபெலோஷிப்பும் கிடையாது.

மூன்றாவதுதான் பெரும்பாலானோர் மாட்டும் இடம்: மாத உறுதிச்சீட்டு. ஸ்காலர் அந்த மாதம் வேலை செய்தார் என்று கைடு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு துறைத் தலைவர். ஆராய்ச்சிப் பிரிவில் ‘மேக்கர்’ எனப்படும் ஊழியர் அதை இணையத்தில் ஏற்றுவார், ‘செக்கர்’ எனப்படும் அதிகாரி ஒப்புதல் தருவார். இந்த நான்கு பேரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் நின்றுவிடும். மேக்கர் மாற்றலாகிப் போய், கடவுச்சொல் யாரிடம் என்று தெரியாமல் ஒரு துறையே காத்துக்கிடப்பதும் நடக்கிறது. சீட்டு கொடுத்தாயா என்று ஸ்காலரைக் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். செக்கர் ஒப்புதல் தந்துவிட்டாரா என்று கேளுங்கள். கைடு போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் வரும் பதில், ஸ்காலர் நேரில் போய் நின்றால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்றாகிவிடும்.

இந்தச் சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை வாங்கும் கைடுகளும் இருக்கிறார்கள். வார்டு டியூட்டி, கைடின் சொந்தத் திட்டத்துக்கு டேட்டா என்ட்ரி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஆய்வில் குறை இருந்தால் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவில் எழுத்தில் பதிய வேண்டும். ஸ்காலரின் சோற்றில் கைவைக்கக் கூடாது.

பெயர் இன்னொரு தொல்லை. ஆதாரில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயரோடு இருக்கும், மதிப்பெண் பட்டியலில் வெறும் எழுத்தாக இருக்கும், வங்கிக் கணக்கில் இன்ஷியலே இருக்காது. சேரும் வாரத்திலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். வங்கியில் ‘ஆதார் லிங்க் ஆகிவிட்டது’ என்று சொல்வதை நம்பி வந்துவிட வேண்டாம். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கோடு ஆதார் மேப்பிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் 42,000 தானாக வராது. மூன்று பேர் கொண்ட குழு மதிப்பிட்டு உயர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டும், அதில் ஒருவர் வெளியிலிருந்து வரும் நிபுணர். குழுவைக் கூட்ட முன்கை எடுக்க வேண்டியது கைடு. 22-ஆவது மாதத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள். வெளி நிபுணரின் நாள் கிடைப்பதுதான் இழுக்கும்.

நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு மாதிரிகூட எடுக்கக் கூடாது. அந்தக் குழு நினைத்தபோதெல்லாம் கூடிவிடாது. திருத்தம் கேட்டுத் திருப்பினால் அடுத்த கூட்டம் வரை உட்கார வேண்டியதுதான். ஃபெலோஷிப் 5 ஆண்டு, 2022 யுஜிசி விதிப்படி பிஎச்டிக்கு 6 ஆண்டு வரை போகலாம், ஆறாவது ஆண்டு கைக்காசு. எனவே கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை எழுதவையுங்கள். அதே விதிப்படி, ஓய்வு பெற 3 ஆண்டுக்குள் இருக்கும் ஆசிரியர் புதிய ஸ்காலரை எடுக்க முடியாது. சேரும் முன் கைடின் ஓய்வுத் தேதியைக் கேட்பதற்கு மாணவர் கூச்சப்படக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் நின்றால், பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி போடுங்கள்: எந்தெந்த மாதத்தின் உறுதிச்சீட்டு எந்தத் தேதியில் ஏற்றப்பட்டு, எந்தத் தேதியில் ஒப்புதல் பெற்றது? ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் கதை எழுதி அனுப்புவார்கள். தேதி கேட்டால் தேதிதான் தர வேண்டும். தேதிகள் சரியாக இருந்தால் தவறு மேலே. அந்தப் பதிலை இணைத்து ஒன்றிய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுங்கள், 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. புகாரைப் பட்டியலின ஃபெலோஷிப் என்றால் சமூக நீதி அமைச்சகத்துக்கும், பழங்குடி ஃபெலோஷிப் என்றால் பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். யுஜிசிக்கு அனுப்பினால், எங்களைச் சேர்ந்தது அல்ல என்று மூடிவிடுவார்கள்.