கிராவல் பைக்குக்குத் தமிழ்: சரள் சைக்கிள்

திருநெல்வேலிப் பக்கத்தில் ‘கிராவல்’ என்றால் மண். வீட்டு மனையை மேடாக்கவும் ரோட்டுக்கு அடியில் நிரப்பவும் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிற மண். ‘பைக்’ என்றால் பெட்ரோல் போட்டு ஓட்டுவது. இரண்டையும் சேர்த்து ‘கிராவல் பைக்’ என்று பாளையங்கோட்டையில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அது மிதித்து ஓட்டுகிற சைக்கிள் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தப் பெயருக்குத் தமிழ் தேட வேண்டியதன் முதல் காரணம் இதுதான். மொழிப்பற்றெல்லாம் அதற்கு அப்புறம்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். தார் போட்ட சாலையிலும் போடாத பாதையிலும் அதே சக்கரங்களோடு நெடுந்தூரம் போகத் தக்க சைக்கிள் இது. ஹேண்டில்பார் பந்தயச் சைக்கிளில் இருப்பதுபோலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயரின் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மி.மீ. வரை. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் பந்தயச் சைக்கிளைவிடக் கூடுதல் என்பதால் கல்லில் ஏறி இறங்கும்போது தடம் மாறாமல் போகும். இப்போது வருபவற்றில் டிஸ்க் பிரேக்தான் வழக்கம். சைக்ளோகிராஸ் சைக்கிளோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது சேற்றுத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் குறுகிய நேரப் பந்தயத்துக்கு ஆனது. உலகச் சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ. அதன் டயர் அகலத்துக்கு 33 மி.மீ. என்று வரம்பே வைத்திருக்கிறது.

‘கிராவல்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ஆற்றோரத்து, கடலோரத்து மணலுக்கு ஒரு பெயர் இருந்தது. அதன் சிறுமை வடிவம்தான் ‘கிரவெல்’. வேர் கெல்டிக் மொழிகளைச் சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. சைக்கிளோடு அது ஒட்டியது மிக அண்மையில்தான். அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் வயல்களுக்கு நடுவே தார் போடாத சரளைச் சாலைகள் ஏராளம். கான்சஸ் மாநிலத்தின் எம்போரியாவில், பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளுக்கு நடுவே 200 மைல் பந்தயம் ஒன்று 2006-இல் தொடங்கியது. இப்போது அதன் பெயர் ‘அன்பவுண்ட் கிராவல்’. 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் யு.சி.ஐ. முதல் கிராவல் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

ஆக, இந்தப் பெயர் பாதையிலிருந்து வந்தது. அந்தச் சைக்கிள் எந்த உலோகம், எத்தனை கியர், என்ன விலை என்று அது சொல்லவில்லை. எதன்மேல் ஓடும் என்று மட்டும் சொல்கிறது. அப்படியானால் தமிழ்ப் பெயரும் நம் பாதையிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு நெல்லைச் சீமையில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. (1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டாலும் மண்ணைப் பற்றிப் பேசும்போது சீமை ஒன்றுதான்.)

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கப்பி என்பது உடைத்த கல். பெருங்கல்லை உடைத்துப் பரப்பி அமுக்கிய சாலை கப்பி ரோடு. மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறையின் வழி வந்தது. தார் போடுவதற்கு முன்பு பல கிராமச் சாலைகள் மாதக்கணக்கில் இந்த நிலையில் கிடப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜல்லியும் உடைத்த கல்தான். ஆனால் அது கட்டடம் கட்டுகிறவர்களின் சொல்லாகிவிட்டது, 20 மி.மீ., 40 மி.மீ. என்று அளவு சொல்லி வாங்குவது. கூழாங்கல் தண்ணீரில் உருண்டு வழுவழுப்பானது. தாமிரபரணிப் படுகையில் கிடக்கும், பாதையில் கிடக்காது. பருக்கைக்கல் பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் அது தனித்தனிக் கல்லைக் குறிக்கும். அப்படிப்பட்ட தரையைக் குறிக்காது.

தேரியைச் சேர்க்கவே கூடாது. திசையன்விளைப் பக்கமும் குதிரைமொழிப் பக்கமும் இருக்கிற செம்மணல் மேடுகள் அழகானவை. ஆனால் அங்கே 40 மி.மீ. டயர் புதைந்துபோகும். வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசலும் சரளில் சேராது. காய்ந்தால் அதன்மேல் நன்றாகவே ஓட்டலாம். ஒரு மழை பெய்துவிட்டால் டயருக்கும் சட்டத்துக்கும் (ஃபிரேமுக்கும்) நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடாது.

மிச்சம் இருப்பது சரள். சிறு கல்லும் கெட்டிச் செம்மண்ணும் கலந்த தரைக்கு இங்கே அதுதான் பெயர். சரள் மண், சரள் மேடு, சரள் பாதை. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் என்று தெற்கே போகப் போக இது மிகுதி. காற்றாலைகளுக்குப் போகிற தடங்களில் நிறைய இப்படித்தான். கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய்க் கரைகளிலும் குளத்தங்கரைகளிலும் மண்ணோடு சரள் கலந்து கிடக்கிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எதிரே இந்தத் தடங்களில் மிதித்தவர்களுக்கு, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை.

அகராதிகளில் சரள், சரல், சரளை மூன்றும் உண்டு. மலையாளத்திலும் ‘சரல்’ இதே பொருளில் இன்றும் புழங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல். ஒலி நெருக்கத்தால் இரண்டு சொற்களை இதோடு கலந்துவிடக் கூடாது. ‘சரளமாகப் பேசுகிறார்’ என்பதில் வரும் சரளம் வடசொல், நேரானது, தடையற்றது என்று பொருள். மற்றொன்று சாரல். குற்றாலத்துக்கும் நமக்கும் அது தூறல். பழந்தமிழில் மலைச்சரிவுக்கும் அதே பெயர்.

சங்கப் பாடல்களில் பாலை வழியைச் சொல்லும் இடங்களில் பரல் வரும், முரம்பு வரும். பரல் என்பது பாதையில் கிடக்கும் சிறு கல். முரம்பு என்பது கல் மண்டிய மேட்டு நிலம். இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த சொற்கள். ‘பரல்மிதிவண்டி’ என்று எழுத ஆசையாகக்கூட இருக்கிறது. ஆனால் பரல் என்றால் இன்றைய வாசகருக்குச் சிலம்பின் உள்ளே போடுகிற மணிதான் நினைவுக்கு வரும். முரம்பு யார் வாயிலும் இல்லை. சரளோ இன்றும் மண் அள்ளுகிறவர் வாயிலும் ரோடு போடுகிறவர் வாயிலும் இருக்கிறது. புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு இறந்த சொல்லை எழுப்பத் தேவையில்லை.

பெயர் பாதையைக் குறிக்கிறது என்றேன் அல்லவா? அதனால் நமக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. கடையில் ‘கிராவல்’ என்று எழுதி விற்பது மட்டும்தான் சரள் சைக்கிள் என்றில்லை. கொல்லையில் சாத்தி வைத்திருக்கிற பழைய ஸ்டீல் சட்டமும் அந்தப் பெயருக்கு உரியதாகலாம். நம் அப்பாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டயர் 28-க்கு 1½ அங்குலம், அதாவது ஏறக்குறைய 40 மி.மீ. அகலம். இன்றைய சரள் சைக்கிளின் டயரும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். சட்டம் நீளம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்போர்க் நன்றாகச் சாய்ந்தது, சக்கரம் பெரியது. கப்பி ரோட்டிலும் வண்டித்தடத்திலும் நெல் மூட்டையோடு போவதற்கென்றே செய்த அமைப்பு அது. 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதல் வடக்கே இருந்து வந்த அட்லஸ், ஹீரோ வரை எல்லாம் இந்த வகை.

ஆனால் அப்படியே மாற்றிவிட முடியாது. ரிம்மின் விட்டம் இதில் 635 மி.மீ.; இன்றைய சரள் டயர்கள் 622 அல்லது 584 மி.மீ. ரிம்முக்குத்தான் வருகின்றன. 622 ரிம் போட்டால் சுற்றிலும் 6.5 மி.மீ. இடம் கூடுதலாகக் கிடைக்கும், அது நல்லதுதான். அதே 6.5 மி.மீ. பிரேக்குக்கு எட்டாத தூரமும் ஆகிவிடும். கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு, கை நீளமான காலிப்பர் பிரேக் போட வேண்டியிருக்கும். பெடல் தண்டைக் கோட்டர் பின் என்ற ஆப்பு முளை அடித்துப் பிடிக்கும் பழைய முறைக்குப் பதிலாகச் சதுர முனை அச்சு போடலாம்.

பெரிய தடை பின்பக்கம்தான். பின்சக்கரம் உட்காரும் இடைவெளி பழைய பெரிய சைக்கிளில் ஏறத்தாழ 110 மி.மீ. இன்றைய சரள் சைக்கிள்களில் 142. எட்டு, ஒன்பது கியர் வைக்கவே 130 வேண்டும். ஸ்டீல் வளைந்து கொடுக்கும், அதுதான் அதன் பெருமை. அலுமினியத்திலும் கார்பனிலும் இதை நினைக்கவே கூடாது. 126 மி.மீ. இடைவெளி உள்ள பழைய கியர் சைக்கிள் சட்டத்தைப் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து 130 ஆக்குவது உலகமெங்கும் செய்கிற வேலை. விரித்த பிறகு பின் அச்சின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு முனையில் கட்டி, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூல் பிடிப்பது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. 110-ஐ 130-க்கு இழுப்பது மட்டும் வேண்டாம். ஒட்டின இடத்தில் விரிசல் விடும்.

பெரிய சைக்கிளை ஒற்றை கியரோடு, அகலமான நல்ல டயரோடு சரளில் ஓட்டுவதே அதற்குச் செய்கிற மரியாதை என்பது என் கருத்து. எடை 20 கிலோவை ஒட்டி இருக்கும். தட்டையான தெற்கு நாட்டில் அது ஒரு குறையே அல்ல. கியரும் வளைந்த ஹேண்டில்பாரும் வேண்டும் என்பவர்கள் 1990-களின் ஸ்டீல் மலைச்சைக்கிள் சட்டத்தைத் தேடலாம். அதில் சஸ்பென்ஷன் இல்லாத முன்போர்க்கும் 135 மி.மீ. பின் இடைவெளியும் கிடைக்கும். கரிசல் சேற்றுக்கும் இடம் மிச்சம்.

எந்தச் சட்டமாக இருந்தாலும் வாங்குமுன் கீழே பெடல் அச்சுக் கூட்டின் உள்ளே துருவைப் பாருங்கள். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாயின் பெயின்ட் சுருக்கம் விட்டிருந்தால் முன்னால் எங்கோ மோதிய சட்டம் என்று பொருள், விட்டுவிடுங்கள். பழைய போர்க்கில் டிஸ்க் பிரேக்குக்குத் துண்டு வைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது போர்க்கின் ஒரு காலில்தான் முழு விசையும் விழும். அதற்காகச் செய்த போர்க் அல்ல அது.

டயர் பற்றி இன்னொன்று. கான்சஸில் பஞ்சருக்குக் காரணம் கூர்மையான பிளின்ட் கல். இங்கே முள். உடைமரத்து முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நீளமானவை, டியூபைத் தப்பவிடாது. டியூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்கும் பால் ஊற்றி ஓட்டும் முறை நெல்லைச் சரளுக்குப் பொருத்தம். ஆனால் அதற்குத் தக்க ரிம் வேண்டும்.

இனிப் பெயரின் மற்ற பாதி. மிதிவண்டி அருமையான சொல், பாடநூலிலும் செய்தியிலும் நிலைத்துவிட்டது. இலங்கையில் துவிச்சக்கரவண்டி. நெல்லையில் பேச்சில் சைக்கிள்தான். சக்கரத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘சைக்கிள்’, நாம் வடமொழி வழியாகப் பெற்ற ‘சக்கரம்’ இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்று மொழிநூலார் காட்டியிருக்கிறார்கள். எனவே சைக்கிளை விலக்க நான் அவசரப்படவில்லை. பேச்சுக்குச் சரள் சைக்கிள், கட்டுரைக்கும் பாடத்துக்கும் சரளை மிதிவண்டி. ஃபிரேமுக்குச் சட்டம் போதும்; நீதிமன்றச் சட்டத்தோடு குழம்பும் இடத்தில் சட்டகம் என்று எழுதலாம்.

எழுதும்போது ஒரு சந்தேகம் வரும். முள்+செடி முட்செடி ஆவதுபோல் ‘சரட்சைக்கிள்’ என்று எழுத வேண்டாமா? இலக்கணப்படி இடம் உண்டு. ஆனால் ‘சரட்’ என்று பார்த்தவுடன் சரடு நினைவுக்கு வருகிறது, சரள் மறைந்துவிடுகிறது. பிரித்தே எழுதலாம்: சரள் சைக்கிள், சரள் பாதை, சரள் டயர். ‘சரளை’ என்ற வடிவத்தை எடுத்தால் வல்லினம் மிகும்: சரளைச் சைக்கிள், சரளைப் பாதை. மிதிவண்டியோடு சேரும்போது அந்தச் சிக்கலும் இல்லை.