பச்சை மத்தாப்பும் பசுமைப் பட்டாசும்: பேரியம் தடை என்ன சொல்கிறது?

பச்சையாக எரிந்தால் அது பசுமைப் பட்டாசு, அதாவது மாசு குறைவாக வரும்படி செய்த பட்டாசு, என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். பட்டாசுக்கு அந்தப் பச்சையைக் காலங்காலமாகக் கொடுத்து வந்தது பேரியம் என்ற உலோகத்தின் உப்பான பேரியம் நைட்ரேட். பசுமைப் பட்டாசில் அதைச் சேர்க்கவே கூடாது.

2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு மாசுக்கு எதிரான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. சரவெடிக்குத் தடை விழுந்ததும் அதே உத்தரவில்தான். பேரியம் சேர்த்த மேம்பட்ட கலவைக்காவது அனுமதி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் மறுபடி போனார்கள். 2023 செப்டம்பர் 22 அன்று அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சிவகாசிக்கு இது பெரிய அடி. பேரியம் நைட்ரேட் நிறத்துக்கு மட்டும் போடுகிற சரக்கல்ல, எரிவதற்கு ஆக்சிஜன் தருவதும் அதுதான். வெள்ளைப் பொறி பறக்கும் கம்பி மத்தாப்பிலும் அது இருந்தது. அதனால் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, அப்படி என்ன கெடுதல்? தண்ணீரிலோ வயிற்று அமிலத்திலோ கரையும் பேரியம் உப்பு உள்ளே போனால், செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் மளமளவென்று இறங்கும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்புறம் கை கால் துவளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு விட உதவும் தசைகளும் ஓய்ந்துபோகலாம். பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாக வைத்தது இதனால்தான்.

"ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்கு முன்னால் பேரியம் குடிக்கக் கொடுக்கிறார்களே?" என்று கேட்கலாம். அது பேரியம் சல்பேட். கரையாது, மலத்தோடு வெளியேறிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் பேரியம் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

வாங்கும்போது உரிமம் உள்ள கடையாகப் பாருங்கள். பெட்டியில் நீரி (NEERI) என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தும் பார்த்துவிடுங்கள், முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தடை செய்த சரக்கு விற்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மீறல் நடந்தால் அந்த நிலையப் பொறுப்பு அதிகாரியே பதில் சொல்ல வேண்டும் என்று 2018 உத்தரவில் இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது கை. மத்தாப்புக் கம்பியிலிருந்து உதிரும் சாம்பல் நிறத் தூள் விரலில் ஒட்டும், அதே விரலால் பிள்ளை அதிரசம் எடுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். குழந்தை பட்டாசு மருந்தையே தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108ஐ அழையுங்கள். பட்டாசுப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய், பேரியமாக இருக்கலாம், பொட்டாசியம் பாருங்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.