காலையில் என்ன சாப்பிட்டாய்?

கல்லூரி மருத்துவ அறையில் என் எதிரே உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் தலைவலி, தலைசுற்றல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாடி பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்றும் வந்துவிடும்: "எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது மேடம்."

போன செமஸ்டரில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்படித்தான் வந்தாள். படிப்பு பிடிக்கவில்லை, ஊருக்குப் போனாலும் பிடிக்கவில்லை, தோழிகள் பேசினால் எரிச்சல். உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி வினாத்தாளைக் கொடுத்தேன். ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடலாம். கூட்டினால் 20 வந்தால் நடுநிலை, அதற்குக் கீழே போனால் அதிருப்தி. அவளுக்கு வந்தது 13.

அப்புறம் கேட்டேன்: "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

சாப்பிடவில்லை. விடுதி மெஸ் எட்டரைக்கு மூடிவிடும்; அவள் எழுந்திருப்பதே எட்டு நாற்பதுக்கு. பதினொரு மணிக்கு கேன்டீனில் ஒரு டீ, ஒரு பப்ஸ். மதியம் பாதிச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி டீ. ரெக்கார்டு எழுத வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்கு காபி. படுக்க இரண்டு மணி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. மாதவிடாயும் ஏழெட்டு நாள் போகிறது என்றாள். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். ரத்தம் குறைந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், புத்தகத்தில் கவனம் நிற்காது. இதோடு தூக்கமும் கெடுகிறது. பத்து மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி விடிகாலை மூன்றுக்கும் உடம்பில் இருக்கும். இந்த வயதில் 7 முதல் 9 மணி நேரம் தூங்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு, அதுவும் அரைகுறைத் தூக்கம். இப்படிப்பட்ட உடம்போடு உட்கார்ந்து 'என் வாழ்க்கை எப்படி இருக்கிறது' என்று யோசித்தால், களைப்புதான் பதில் எழுதும். அதைத் தன் குணம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். "நான் சோம்பேறி மேடம்" என்றாள் அவள். எனக்கு மனசு தாங்கவில்லை.

எல்லா மனச்சோர்வும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தீர்ந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலோ, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ உடனே கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம்.

அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதினேன். எலுமிச்சைச் சாறோடு போடலாம். டீயோடு கூடவே கூடாது, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னேன். நிறையப் பேர் அதைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாதவிடாய்க்காகப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பினேன். ரூம்மேட் மெஸ்ஸிலிருந்து டிபன் பாக்ஸில் இட்லி எடுத்து வருவதாக ஏற்பாடு. கடைசி காபி நாலு மணிக்கு. சாயங்காலம் தோழிகளோடு அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றி நடை.

ஆறு வாரம் கழித்து வந்தாள். ஹீமோகுளோபின் 10.6, வினாத்தாளில் 19. தூக்கம் மட்டும் இன்னும் ஆறு மணி நேரம்தான். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமாவது மாத்திரையைத் தொடர வேண்டும் என்று சொல்லி, அடுத்த மாதத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.