விருந்தினரின் பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது?

உணவுச் சுற்றுலா தொடங்க வேண்டும் என்று ஆலோசனைக்கு அழைக்கும் கிராமத்தினர் பெரும்பாலும் ஒரு கட்டட வரைபடத்தைத்தான் முதலில் விரிக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடம், தங்கும் அறைகள், வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் அதில் இருக்கும். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு தட்டை வரையச் சொல்வேன். விருந்தினருக்குப் பரிமாறப்போகும் ஒவ்வொன்றையும் அந்தத் தட்டில் எழுதி, அதை யாரிடம் வாங்கப்போகிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் கூட்டம் அமைதியாகிவிடும். தானியம் நகரத்து மொத்த வியாபாரியிடமிருந்து வருகிறது. எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது. சமையல்காரரும் வெளியூர்க்காரர். ஊராருக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவும் வேலையும் அள்ள வேண்டிய குப்பையும்தான். வந்த பணம் ஊருக்குள் கைமாறாமலே வெளியேறிவிடுவதைச் சுற்றுலாத் துறையில் 'கசிவு' என்கிறோம். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கும் திட்டத்தில் இந்தக் கசிவு யார் கண்ணிலும் படாது.

இத்தாலி இதைச் சட்டத்தின் வழியாகவே எதிர்கொண்டது. பண்ணைச் சுற்றுலாவுக்கென்று 1985இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. 2006இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி விருந்தோம்பலை நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும். பண்ணையில் செலவாகும் உழைப்பு நேரத்தில் விவசாயத்தின் பங்கே மிகுந்திருக்க வேண்டும். பரிமாறும் உணவில் சொந்த விளைச்சலும் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் விளைச்சலுமே முதன்மையாக இடம்பெற வேண்டும். சுற்றுலாவை நம்பி நிலத்தைத் தரிசாகப் போடுபவருக்குப் 'பண்ணைச் சுற்றுலா' என்ற அடையாளம் கிடையாது. எந்த நாட்டுக் கிராமமும் இந்த விதிகளைத் தன் கூட்டத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளலாம்; அரசு சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜப்பானின் ஓயித்தா மாகாணத்தில் ஓயாமா என்ற மலையூர் இருக்கிறது. நெல்லுக்கு ஏற்ற சமவெளி அங்கே குறைவு. 1961இல் 'பிளம், செஸ்ட்நட் நட்டு ஹவாய்க்குப் போவோம்' என்ற முழக்கத்தோடு பழமரச் சாகுபடிக்கு மாறினார்கள். மரம் காய்த்தது, பழத்தைப் பதப்படுத்தக் கற்றார்கள், 1990இல் விவசாயிகளே நேரடியாக விற்கும் அங்காடியைத் திறந்தார்கள். பண்ணை உணவகம் அதற்கும் பிறகுதான் வந்தது. நாமோ உணவகத்தை முதலில் கட்டிவிட்டு, விளைச்சலைப் பிறகு தேடுகிறோம். இந்த வரிசைப் பிழைதான் நான் பார்த்த பெரும்பாலான தோல்விகளுக்கு வேர்.

அடுத்தது, யாரும் பேசத் தயங்கும் விஷயம்: பெண்களின் உழைப்பு. 'வீட்டில் எப்படியும் சமைக்கத்தானே வேண்டும், கூட நான்கு பேருக்குச் சமைத்தால் என்ன?' என்ற கேள்வி வராத கூட்டம் இல்லை. விடிவதற்கு முன் வீட்டு வேலை, பகலில் வயல் வேலை, மாலையில் விருந்தினர் சமையல் என்று ஒரே உடம்பின் மீது மூன்று வேலைகளை ஏற்றிவிட்டு, அதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சமையலுக்கு மணிக்கணக்கில் கூலி வேண்டும், அது சமைத்தவரின் சொந்தக் கணக்கில் சேர வேண்டும். அதை விலையில் சேர்த்தால் திட்டம் கட்டுப்படியாகாது என்றால், குறை திட்டத்தில்தான் இருக்கிறது.

அறுவடைக் காலமும் விருந்தினர் குவியும் விடுமுறையும் ஒன்றாக வந்தால் அந்த வாரங்களில் எத்தனை பேரை ஏற்க முடியும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். தண்ணீரைப் பரிசோதியுங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாகப் பரிமாறுவதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அறிவுரைகள். ஒரே ஒரு பந்தியில் நேரும் வயிற்றுக் கோளாறு, பல ஆண்டுகளில் சேர்த்த நற்பெயரை அழித்துவிடும்.

கட்டடத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன், இருக்கிற வீடுகளிலேயே ஒரு பருவம் முழுவதும் சிறு குழுக்களை வரவழைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரசீதையும் சேர்த்துவையுங்கள். பருவம் முடிந்ததும் அதே தட்டை மறுபடியும் வரைந்து, எத்தனை பொருள்களின் பக்கத்தில் உங்கள் ஊர்க்காரர்களின் பெயர் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால், கட்டட வரைபடத்தை அன்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.