பூட்டு இல்லாமல் அனுமதி பார்ப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூரில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் அனுமதி பார்க்கும் இடத்தில் லாக்கை எடுத்துவிட்டார்களாமே, பாதுகாப்பு போய்விடாதா?"

போகாது. ஒரு கோப்பைத் திறக்கும்போது, வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய உங்களுக்கு உரிமை உண்டா என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் பார்க்கிறது. வேறொரு கணினியிலுள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியே திறக்கும் ஏஎஃப்எஸ் போன்ற முறைகளில் அதைச் சொல்ல வேண்டியது தொலைவில் இருக்கும் சர்வர். ஒவ்வொரு முறையும் கேட்டால் கட்டுப்படியாகாது என்பதால் பதிலைப் பட்டியலாகக் கேஷில், அதாவது கைக்கெட்டும் நினைவகத்தில், வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலைப் பல சிபியுக்கள் படிக்கும். இடையில் அது மாறவும் செய்யும். அதற்குத்தான் லாக் என்ற பூட்டு: ஒருவர் பட்டியலைத் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன் வாளையாறு சோதனைச்சாவடியைப் பார்த்தவர்களுக்கு லாக்கை விளக்கவே வேண்டாம். தாள் எல்லாம் சரியாக வைத்திருக்கும் லாரியும், முன்னால் நிற்கும் லாரியின் தாளுக்காகக் காத்துக் கிடக்கும்.

லாக்குக்குப் பதிலாக வைத்த ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்) என்ற முறை 2002இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. பட்டியலை அடித்துத் திருத்தவே கூடாது என்பது அதன் விதி. புதுப் பட்டியலைத் தனியாக எழுதி முடித்து, பழையதைக் காட்டிக்கொண்டிருந்த பாயின்டரை ஒரே நொடிப்பில் புதியதன் பக்கம் திருப்பிவிடுவார்கள். படிப்பவர் கையில் முழுப் பழையது இருக்கும், அல்லது முழுப் புதியது. பாதி எழுதியது ஒருபோதும் கிடைக்காது.

சரி, பழையதை எப்போது அழிப்பது? யாரோ இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம். வந்தவர் போனவர் கணக்கு எழுதினால் அந்த நோட்டுக்கே மறுபடி வரிசை நிற்கும். இந்த இடம்தான் எனக்கு உயிர். படிக்கும்போது தூங்கக் கூடாது, அதாவது எதற்காகவும் காத்திருந்து சிபியுவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். அப்படியானால் ஒரு சிபியு வேறு வேலைக்கு மாறிவிட்டது என்றாலே, அதில் நடந்த பழைய படிப்பு முடிந்தது என்று பொருள். எல்லா சிபியுக்களும் ஒருமுறை மாறட்டும், பிறகு அழிக்கலாம். ஒருவரையும் எண்ணாமல், எல்லோரும் போய்விட்டதை அறிந்துகொள்கிறோம்!

தூங்கக் கூடாது என்றால் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே கேஷில் பதில் இல்லாவிட்டால், இந்த விரைவு வழியை விட்டுவிட்டு மெதுவான வழியில் மீண்டும் நடக்கிறது கெர்னல்.

ஒரு கணம் பழைய அனுமதியைப் பார்த்துவிட்டால்? மாற்றச் செய்தி கம்பியில் வந்து சேரவே அதைவிட நேரமாகும். லாக் போட்டாலும் அந்த இடைவெளி மாறாது. லாக்கைக் கூட்டினால் பத்திரம் என்று பல வகுப்பறைகளில் இன்னும் நம்புகிறார்கள். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

அந்த மாணவி லினக்ஸ் மூலநிரலில் ஏஎஃப்எஸ் ஃபோல்டருக்குள் 'செக்யூரிட்டி.சி' என்ற கோப்பைத் திறந்து பார்க்கட்டும். பழைய பட்டியலைத் தொடாமல் புதியது கட்டப்படுவதை அங்கே வரி வரியாகப் படிக்கலாம்.