ஜார் கோப்புகளை எங்கே வைக்கிறீர்கள்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துச் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கு, மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் பில்ட் அமைப்புகளைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஓர் அலுவலகத்திலிருந்து சென்ற மாதம் அழைப்பு வந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் ஜிஎஸ்டி ரவுண்டிங் பைசாக் கணக்கில் இடிக்கிறது என்றார்கள். இரண்டு கடைகளில் இருந்த வரிக் கணக்கு ஜாரை, அதாவது ஜாவா நிரலைக் கட்டி வைத்த கோப்பை, எடுத்துப் பார்த்தேன். பெயரும் ஒன்றுதான், 2.4.1 என்ற பதிப்பு எண்ணும் ஒன்றுதான், உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மட்டும் வேறு. யாரோ அவசரத்தில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, எண்ணை மாற்றாமல், பொது டிரைவில் இருந்த கோப்பின் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார். இதே கோளாறை வேறு வேறு அலுவலகங்களில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ரெபாசிட்டரி மேனேஜர், அதாவது ஜார் போன்ற பொதிகளைப் பதிப்பு வாரியாக வைத்துக் கொடுக்கும் களஞ்சிய மென்பொருள், வையுங்கள் என்று சொன்னால் உடனே வரும் பதில், "எல்லாம் கிட்டில் இருக்கிறதே சார்" என்பதுதான். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் இருக்க வேண்டியது மூல நிரல். ஜார் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு என்பதால், ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து வைக்கும் வித்தை அதனிடம் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு பதிப்பும் ஏறக்குறைய முழு எடையோடு வரலாற்றில் தங்கிவிடும், நீங்கள் அழித்த பிறகும் தங்கும், புதிதாகச் சேரும் பையன் குளோன் செய்யும்போது அத்தனையையும் சுமந்து இறக்குவான். கிட்டை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கவே செய்யாது. பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ் போட்டால் எடை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில்ட் கருவிகளான மேவனோ கிரேடிலோ குழு, பெயர், பதிப்பு என்று மூன்றையும் சொல்லிக் கேட்கும்போது, அந்த ஜாரையும் அது சார்ந்திருக்கும் மற்ற ஜார்களின் விவரத்தையும் எடுத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் குடம் முதல் கிண்ணம் வரை பெயர் வெட்டி, பட்டியலில் எழுதி, அதன் பிறகே அறைக்குள் அடுக்குவார்கள். பட்டியல் இல்லாத அறை வெறும் குவியல்தான், உங்கள் பொது டிரைவும் அப்படித்தான்.

வெளி நூலகங்கள் இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரல், ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து விலக்கப்பட்டதும் உலகெங்கும் பில்ட்கள் விழுந்தன. 2021 பிப்ரவரியில் தன் பொதுக் களஞ்சியங்களான பின்ட்ரே, ஜேசென்டர் இரண்டையும் மூடப்போவதாக ஜேஃப்ராக் அறிவித்தது. கன்டெய்னர் இமேஜ்களை (மென்பொருளை அதன் சூழலோடு கட்டிய பொதிகளை) தரும் டாக்கர் ஹப் 2020 நவம்பரில், உள்நுழையாமல் இறக்குவோருக்கு ஐபி முகவரி ஒன்றுக்கு 6 மணி நேரத்தில் 100 இறக்கங்கள் என்று வரம்பு வைத்தது. அலுவலகம் முழுவதும் ஒரே ஃபைபர் இணைப்பில் இருந்தால் அந்த நூறு எல்லோருக்கும் சேர்த்துத்தான். உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸியாக இயங்கும் களஞ்சியம் ஒருமுறை இறக்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

எதைத் தேர்வது என்பது நீங்கள் எந்தெந்த வகைப் பொதிகளைக் கையாள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. களஞ்சிய மென்பொருள்களில் ஆர்ட்டிஃபேக்டரியின் இலவசத் திறமூலப் பதிப்பு மேவன், கிரேடில் போன்ற ஜாவா உலகத்தோடு நின்றுவிடும். என்பிஎம், பைதான் பொதிகளுக்குக் காசு கட்ட வேண்டும். நெக்சஸின் இலவசப் பதிப்பு பல வகைகளையும் ஏற்கும், ஆனால் 2025 முதல் கம்யூனிட்டி எடிஷன் என்றாகிவிட்ட அதில் பொதிகளின் எண்ணிக்கைக்கும் கோரிக்கைகளுக்கும் வரம்பு உண்டு, நிறுவும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஜாவா மட்டும் எழுதும் நான்கு பேர் அலுவலகத்துக்கு ரெப்போசிலைட் தாராளமாகப் போதும். அப்பாச்சி ஆர்க்கைவா 2024இல் ஓய்வு பெற்றுவிட்டது. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து இன்றும் அதை நிறுவிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

எதை நிறுவினாலும் வெளியிட்ட பதிப்புகள் இருக்கும் ரிலீஸ் களஞ்சியத்தில் ஒரே பதிப்பை மறுபடி ஏற்றுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கு ஸ்னாப்ஷாட் களஞ்சியம் தனியாக இருக்கிறது. உள் பொதிகளின் பெயர்கள் வெளியிலிருந்து வரவே கூடாது என்று விதி எழுதுங்கள், ஏனெனில் உங்கள் பெயரிலேயே உயர்ந்த பதிப்பு எண்ணோடு பொதுக் களஞ்சியத்தில் ஒருவர் பொதி ஏற்றினால் பில்ட் கருவி அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது 2021இலேயே பெரிய நிறுவனங்களிடம் நிரூபிக்கப்பட்டுவிட்டது. நெக்சஸில் பழையவற்றை அழித்தும் டிஸ்க் குறையவில்லை என்று புலம்புபவர்கள், கோப்புகள் உண்மையில் தங்கும் பிளாப் ஸ்டோரை காம்பாக்ட் செய்யும் (அழித்தவற்றின் இடத்தை விடுவிக்கும்) பணியைத் திட்டமிட்டிருக்கிறார்களா என்று பார்க்கட்டும்.

களஞ்சியக் கணினியை யுபிஎஸ் இல்லாமல் தயவுசெய்து வைக்காதீர்கள், மின்சாரம் போகும் நேரத்தில் உள்ளமைந்த தரவுத்தளம் சிதைந்துபோக வாய்ப்புண்டு. காப்பு நகல் எடுக்கும்போது தரவுத்தளமும் பிளாப் ஸ்டோரும் ஒரே நேரத்து நிலையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, போன வருடம் வெளியிட்ட பதிப்பு ஒன்றை பில்ட் செய்து பாருங்கள். அதற்கு முன் பில்ட் கணினியின் எம்2 ஃபோல்டருக்குள், மேவன் இறக்கிய ஜார்களைச் சேர்த்து வைக்கும் ரெபாசிட்டரி ஃபோல்டரைக் காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் அதில் ஏற்கெனவே கிடக்கும் ஜார்களை வைத்தே மேவன் பில்டை முடித்துவிடும்.